மூச்சுக்கும் புள்ளி வைத்தவர்கள்

இந்தக் குளிர்கால விருந்துக்குத் தலைமை ஏற்று, இரும்பை இன்பமாக்கி ஊர் ஊராக விற்ற நம் ராட்டினச் சந்தைத் தொழிலாளர் சங்கத்தின் மூத்தவர் ஹெர்பர்ட் பிராட்லோ அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் ராட்டின முதலாளிகளே! மழையிலும் சேற்றிலும் மைதானம் மைதானமாக எங்களை இழுத்துச் சென்ற பெரியவர்களே! பாகு காய்ச்சிக் காய்ச்சிக் கை சிவந்த தாய்மார்களே! மார்ச் பிறந்ததும், குளிர்காலம் முழுக்க நம் வண்டிகள் நிற்கும் இந்த போல்டன் யார்டை விட்டுப் பறக்கத் துடிக்கும் இளைஞர்களே! கடைசி மேசையில், நான் பேச எழும் முன்பே குடிக்கத் தொடங்கிவிட்ட தம்பி ஏர்னி அவர்களே! அனைவருக்கும் பஞ்சுமிட்டாய்க் கடை டெல்ஃபினாவின் பணிவான வணக்கம்.

பணிவு இதோடு முடிந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அந்த ஐந்தும் குளிர்காலத்து வகுப்புகள். வசந்தம் வந்தால் வண்டி வீடு கிளம்பும். கணக்கு வாத்தியார் கழித்தலில் நிற்கும்போதே நான் கிளம்பிவிடுவேன். ஆனாலும் இன்று படிப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏன் பேசக்கூடாது? படித்தவர்கள் நம்மைப் பற்றிப் பேசவில்லையா?

என் மகன் லியாண்டரின் மகள் ரோசன்னாவை அறிவீர்கள். நம் யார்டிலிருந்து மேல்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களுக்குப் போன முதல் பெண். அங்கே அவள் எடுத்த பாடம் என்ன தெரியுமா? ஆங்கிலம். பிறந்த நாளிலிருந்து பேசுகிற ஆங்கிலம்! கதையில்லை, கவிதையில்லை. ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று உட்கார்ந்து ஆராய்வதாம்.

பெருமக்களே, இந்த வேடிக்கையைக் கொஞ்சம் கேளுங்கள். பதினோரு வருடம் நம் பிள்ளைகளை அதே பள்ளிக்கூடங்கள் என்ன செய்தன? வாயைத் திறந்தால் திருத்தின. "அப்படிப் பேசாதே" என்றன. "சந்தைப் பேச்சைச் சந்தையில் வைத்துக்கொள்" என்றன. நாக்கைத் தேய்த்தார்கள், நாணத்தை ஏற்றினார்கள். தேய்த்து முடித்துப் பதினாறு வயது ஆனதும் என்ன சொல்கிறார்கள்? "அப்படிப் பேசுகிறவர்கள் எங்கே? போய்ப் பதிவு செய்துகொண்டு வா, மதிப்பெண் தருகிறோம்" என்கிறார்கள். விரட்டியவனே வலையோடு வருகிறான்! இதற்குப் பெயர் கல்வியென்றால், கண்கட்டு வித்தைக்கு என்ன பெயர்?

யாரது, போதும் என்பது? உட்காரப்பா. புட்டிங் இன்னும் அடுப்பில் இருக்கிறது. அது வரும்வரை நான்தான்.

போன அக்டோபர் சந்தை. என் கடை முன்னால் ஒரு பையன் வந்து நின்றான். நல்ல கோட்டு, நல்ல சப்பாத்து, கையில் போன். பெயர் டங்கன் என்று பிற்பாடு தெரிந்தது. வழக்கம்போல் நான் கூவிக்கொண்டிருந்தேன்: "வா ராசா, என்ன முழிக்கிற, ஆப்பிள் உன்னக் கடிக்காது, நீதான் அதக் கடிக்கணும்." அவன் சிரித்தான், நின்றான், போனான். மறுநாளும் வந்தான். சர்க்கரைப் பாகில் தோய்த்த ஆப்பிள் ஒன்றாவது வாங்கினானா? இல்லை. என் பேச்சை அள்ளிக்கொண்டு போனவன் என் ஆப்பிளை விட்டுவிட்டுப் போனான்!

அந்தப் பேச்சு எங்கே போனது? ரோசன்னாவின் வகுப்புக்கே போனது, அவனும் அங்கேதான் படிக்கிறான். தலைப்பு, "ஒரு சந்தைக்காரியின் பேச்சு". நான் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் தாளில் ஏற்றியிருக்கிறான். இழுத்த இடத்தில் கோடு, விழுங்கிய இடத்தில் கொக்கி. நான் மூச்சு விட்டதற்குக்கூட அடைப்புக்குறிக்குள் ஒரு புள்ளி. என் மூச்சு, என் புள்ளி, எவனுக்கோ மதிப்பெண்! அனுமதி கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் சட்டமாம். அவன் கேட்கவில்லை. அவன் கேட்டானா என்று அவர்களுடைய ஹாலம் டீச்சரும் கேட்கவில்லை.

அவன் அதைப் படித்துக்காட்ட, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "இது உடைஞ்ச பேச்சு, ஒரு வாக்கியம்கூட முழுசா இல்ல" என்று விளக்கமும் கொடுத்திருக்கிறான். சிரிப்பின் நடுவே என் பேத்தி உட்கார்ந்திருந்தாள். அது தன் பாட்டியின் பேச்சு என்று சொல்லவுமில்லை, சிரிக்கவுமில்லை.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. லியாண்டர் விஷயத்தைக் கேட்டான், கொதித்தான்.

"போதும்மா இந்தப் படிப்பு. அவனுங்க சிரிக்கிறதுக்கா உன்ன அனுப்புறேன்? மார்ச்சுல வண்டியோட கெளம்பு."

மார்ச்சில் கிளம்பினால் கோடையின் முதல் வாரங்களில் வரும் பரீட்சை போச்சு. இரண்டு வருடமும் போச்சு. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: உனக்குப் போக வேண்டுமா, இருக்க வேண்டுமா?

அவள் சொன்னாள்: "அவங்க உன்னப் பார்த்துச் சிரிக்கல பாட்டி. தாளப் பார்த்துச் சிரிச்சாங்க. யாரு பேச்ச அப்படித் தாள்ல போட்டாலும் சிரிப்பாத்தான் இருக்கும். அத நான் காட்டணும்."

காட்டினாள், தாய்மார்களே! எப்படிக் காட்டினாள் என்று கேளுங்கள்.

ஜனவரியில் அவள் முறை வந்தது. இரண்டு தாள் கொண்டுபோனாள். ஒன்று, மழைக்காக ராட்டினத்தை நிறுத்தியபோது கூட்டத்துக்கு நான் சமாதானம் சொன்ன பேச்சு. என்னிடம் முறையாகக் கேட்டுப் பதிவு செய்தது. மற்றொன்று, மழைக்காகப் பெற்றோர் கூட்டத்தைத் தள்ளிவைத்தபோது அவர்களுடைய தலைமையாசிரியர் செய்த உரை. அவரிடமும் கேட்டாள், மனிதர் மகிழ்ந்துபோய், டையைச் சரிசெய்துகொண்டு சம்மதித்தாராம், போனுக்கு டை தெரியுமோ என்னவோ! பெயர்களை எடுத்துவிட்டாள். ராட்டினம், பள்ளி என்ற சொற்களை மையால் அடித்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு திக்கலுக்கும் ஒரு கோடு. இருவருக்கும் ஒரே நீதி.

இரண்டையும் கலைத்துவிட்டு நீட்டினாள். முதல் தாள் இப்படிப் போகிறது: "அது வந்து, நாம என்ன, அதாவது, மழைங்கறது, ஆ, அந்த மழைய நாம ஒரு மாதிரி, எப்படிச் சொல்றது, அதனால." இரண்டாம் தாள்: "மழை நின்னா நடக்கும். நிக்கலன்னா நாளைக்கு. யாரும் வருத்தப்படாதீங்க, நாளைக்கும் இதே நேரந்தான்."

இதில் படித்தவர் யார், சந்தைக்காரி யார் என்று கேட்டாள். டங்கன்தான் முதலில் கை தூக்கினான்.

"முதல் தாள்தான் சந்தைக்காரி. பாவம், ஆரம்பிச்சத முடிக்கவே தெரியல."

வகுப்பு முழுக்க ஆமாம் போட்டது. ஹாலம் டீச்சரும் தலையசைத்தார். தலையசைத்தார், ஐயா! மொழியை அளக்கப் படித்து, மொழியை அளக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற தலை அது!

ரோசன்னா சொன்னாள்: "முதல் தாள் நம்ம ஹெட்மாஸ்டர். ரெண்டாவது எங்க பாட்டி. போன தடவ நீங்க சிரிச்சதும் எங்க பாட்டி பேச்சுக்குத்தான்."

கைதட்டுங்கள், தட்டுங்கள். அங்கே யாரும் தட்டவில்லை. டங்கன் தன் நல்ல சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. அவசரப்பட்டு ஜெயித்ததாக நினைத்துக்கொள்ள நான்தான் இருக்கிறேன். அவள் சொன்னது இது: பாட்டியின் பேச்சிலும் வேறு இடத்தில் திக்கல் உண்டு, தலைமையாசிரியர் பேச்சிலும் வேறு இடத்தில் தெளிவு உண்டு. உடைந்திருப்பது எந்த வாயும் இல்லை. நாம் எதிர்பார்த்ததையே நாம் கேட்கிறோம். இதையே தன் ஆராய்ச்சியாக எழுதப் போகிறாளாம். டீச்சர் சம்மதித்தார். மன்னிப்பும் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அதற்கு எத்தனை புள்ளி வைத்திருக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

இப்போது லியாண்டர், என் மகனே, எங்கே பார்க்கிறாய்? மேடையைப் பார். நேற்று என்னிடம் என்ன சொன்னாய்? "அதான் மூக்க உடைச்சாச்சே, இன்னும் என்ன படிப்பு, கெளம்ப வேண்டியதுதான்" என்றாய். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறீர்கள். இல்லையென்று தலையை ஆட்டாதீர்கள், எனக்குத் தெரியும். மூக்கை உடைக்கவா அவள் போனாள்? ஒரு மூக்குக்காகவா இரண்டு குளிர்காலம் இங்கிருந்தும், போன வசந்தம் பக்கத்து மைதானங்களிலிருந்தும் பேருந்தில் குலுங்கினாள்? ஊர்க்காரர்கள் நம் வாயைப் பார்த்து நம்மை அளந்தார்கள். நீங்கள் அவள் வயதைப் பார்த்து, வேலைக்கு ஆள் ஆயிற்று என்று அவளை அளக்கிறீர்கள். அவர்களைத் திட்டிய அதே வாயால் உங்களையும் திட்டுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது உனக்குக் கேட்டதா, இல்லை நீ எதிர்பார்த்தது கேட்டதா?

தெரியும், உன் பதில் தெரியும். இந்த வருடம் வண்டிகளெல்லாம் தூரம் போனபின் காலி யார்டில் ஒரு பெண்பிள்ளை தனியாக எப்படி இருப்பாள் என்பாய். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்று மேடை ஏறினேன்.

பிறந்ததிலிருந்து நான் ஒரு வசந்தத்தையும் இந்த யார்டில் கழித்ததில்லை. பிள்ளை பெற்ற வருடம்கூடப் பாதையில்தான் இருந்தேன். இந்த வருடம் என் கடையை என் மருமகள் திறப்பாள். ஈஸ்டருக்கு முன் நீங்கள் எல்லோரும் போங்கள். என் வண்டி வீடு இங்கேயே நிற்கும். அவள் கடைசிப் பரீட்சைத் தாளை எழுதி முடிக்கும்வரை விளக்கேற்றி, அடுப்பேற்றி, வாசலில் நான் இருப்பேன்.

யாருக்காவது மறுப்பு இருந்தால் எழுந்து சொல்லலாம். ஏர்னி, நீ சிகரெட்டுக்குத்தானே எழுந்தாய்? போ.

லியாண்டர் சரியென்று தலையாட்டுகிறான். தலைவர் அவர்களே, என் மகனின் தலையாட்டலைச் சங்கத்தின் சாட்சியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாளைக் காலை அவன் பேச்சு மாறிவிடுவான்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், பாதியில் எழுந்துபோகாத தாய்மார்களுக்கும், என்னைப் பேசவிட்ட தலைவருக்கும் என் நன்றி. போகிற பாதையெல்லாம் உங்களுக்குக் காய்ந்த தரையாகட்டும், நிற்கிற மைதானமெல்லாம் கூட்டமாகட்டும். இங்கே நாங்கள் இருவர் இருக்கிறோம், போய் வாருங்கள். வணக்கம்.