கட்டில் இருந்த இடத்தில் லேத்

நெய்வேலியிலிருந்து முத்தாண்டிக்குப்பம் போகும் பஸ். முன் சீட்டில் ஷிப்ட் முடிந்த இரண்டு பேர்.

"கட்டில வெளிய போட்டுட்டு அந்த எடத்துல கம்பி கடையிற லேத் மெஷின எறக்கிட்டோங்க" என்றார் ஜன்னலோரம் இருந்தவர். நான் பேப்பரை மடித்தேன்.

"உங்களுக்கு லேத் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.

"எனக்கெங்க தெரியும்? எங்க வூட்டுக்காரி ஒர்க்‌ஷாப்புல கான்ட்ராக்ட் டர்னராச்சே. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது, இனிமே வூட்லயே தொழில். பழைய மெஷின் பாக்கப் போனோம். பச்ச பெயின்ட்ல பளபளன்னு ஒண்ணு நின்னுச்சு, இதான்னுட்டேன். அவ டூல் ஓடுற பெட்டு மேல நகத்த ஓட்டிப் பாத்துட்டு, தேஞ்சுபோச்சுன்னா. மூலையில துருப்புடிச்சுக் கெடந்தத எடுத்தா."

"துருப்புடிச்சதையா?"

"மேலதாங்க துரு. மட்டம் தப்புனா கம்பி ஒரு பக்கம் பருத்துடும்னு, மெஷின் காலுக்கடியில தகடு சொருகிக்கினு ரெண்டு நாளு குந்திக்கினு இருந்தா. மொத கம்பியக் கடைஞ்சு அளந்தா, ரெண்டு முனையும் ஒரே அளவு."

"போர்டு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. அவ பேருதான்."

"நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"போர்டுக்குப் பச்ச பெயின்ட் அடிச்சேங்க."