உள்ளான்களுக்குப் போட்ட தீனி

வண்ணமீன் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சாதுவான மனிதர்கள். அல்சூரில் இருக்கும் என் மீன்கடையில் யாரும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

மீன்களுக்குக் காய்ந்த தீனியைவிட உயிருள்ள சிவப்புப் புழுதான் பிடிக்கும், சார். அது சாக்கடை கலக்கும் ஏரிச் சேற்றில் விளைகிறது. நகரத்தை ஒட்டி அப்படி ஓர் ஏரியைக் கண்டுபிடித்தேன். சேற்றைச் சல்லடையில் அலசினால் புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அறுத்துப் போட்ட ஈரல் துடிப்பதுபோல் நெளியும். முதலில் குமட்டியது. பிறகு அதே கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டேன். மற்ற கடைகளும் கேட்கவே, ஆள் வைத்துக் கரை முழுவதையும் அள்ளினேன். நூல்போன்ற குஞ்சுப் புழுக்களையும் விடவில்லை. நான் விட்டிருந்தால் வேறொருவன் அள்ளியிருப்பான்.

குளிர்காலத்தில் கொசு உள்ளான் என்கிற சேற்றுப் பறவைகள் வந்தன. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். வடதுருவத்துப் பக்கமிருந்து பறந்து வருகிறவையாம். நாள் முழுக்க வெறும் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன.

ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பார்கவி டீச்சர், மார்ச் மாதம் ஒரு பறவையைத் துணியில் பொதிந்து என் கடைக்கே கொண்டுவந்தார். அதன் நெஞ்செலும்பு கத்திமுனைபோல் துருத்திக்கொண்டிருந்தது.

"அங்கிள், அந்தச் சேத்துல ஒண்ணுமே மிச்சமில்ல. இப்போ உடம்புல கொழுப்பு ஏறலன்னா இதுங்களால திரும்பிப் பறக்கவே முடியாது. அள்ளறத மட்டும் நிறுத்துங்க, ப்ளீஸ்."

நியாயமாகத்தான் பட்டது. நிறுத்திவிடுவதாகச் சொன்னேன். அவர் கண்கலங்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் நிதானமாக யோசித்தேன். பறவைகள் இருக்கும்வரை டீச்சர் வருவார், புகார் எழுதுவார். அவை இல்லாமல் போனால் யாருக்கும் சங்கடமில்லை. கடையிலிருந்த புழுவில் பூச்சிமருந்தைப் பிசைந்து, காலையில் கொண்டுபோய்க் கரையில் தூவினேன். அவ்வளவு பசியில் அவற்றுக்குப் பயமே இல்லை. என் செருப்பை உரசிக்கொண்டு, ஒன்றையொன்று முந்தித் தின்றன. கொஞ்ச நேரத்தில் சேற்றில் முகம் புதைய விழுந்து, தின்றதைக் கக்கின. ஒன்று கக்கியதை இன்னொன்று கொத்தித் தின்றது. எல்லாம் அடங்கும்வரை நின்று பார்த்தேன். எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கில்லை.

தூரத்திலிருந்து பார்த்த டீச்சர், நான் பரிவோடு தீனி போடுவதாக நினைத்து, என் மனைவி நோராவுக்குப் போன் செய்து சந்தோஷப்பட்டிருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தபிறகு மறுபடியும் அவளிடம் பேசியிருக்கிறார், அதன்பிறகு ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம்.

வீட்டுக்குப் போனபோது நோரா சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

"அந்தக் கையால என்னத் தொடாதீங்க, ஓஸ்வால்ட்."

புழு நாற்றம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். அப்போதும் கிட்டே வரவில்லை.

ஆமாம் சார், நான்தான் கொன்றேன். மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிவிடுங்கள்: இந்தக் குளிர்காலம் முழுக்க அவற்றுக்கு ஒருவேளையாவது வயிறாரப் போட்டவன் நான் ஒருவன்தான்.