அந்தரத்தில் சேவ் பண்ணிய அணில்

“ஹலோ... ஆமா, அஹத்துதான்... யாரு, தாமோதரன் சாரா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், பக்கத்துல சிலை கொத்திகினு கீறாங்க... இன்னாது, அணில் சாவுதா? எந்த அணிலு?”

மாமல்லபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அப்துல் அஹத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அணு ஆராய்ச்சி ஆபீசில் பெரிய பதவியில் இருக்கிற மனிதர், வேலை நாளில் போன் போட்டு அணிலுக்காகப் பதறுகிறார். இதையெல்லாம் நின்றுகொண்டா கேட்பது?

“ஓ, அந்த அணில் கேமா... ஆமா ஆமா, பாப்பாவுக்கு நான் எமுலேட்டர்ல போட்டுக் குடுத்தது. பழைய டிவி கேம கம்ப்யூட்டர்ல ஓட வெக்கிறது... அதான், பத்தாவது பரீட்சை முடியற வரைக்கும் வெளையாட்டு கூடாதுன்னு நீங்கதானே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டச் சொன்னீங்க? பூட்டினதை யாரு தொறந்தா? ... சும்மா பாக்கலாம்னு நீங்களே தொறந்தீங்க... ஆபீசுக்கு லீவு போட்டு, சும்மா... சரி சரி, சிரிக்கல சார்.”

சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

“மேல சொல்லுங்க... பாலத்துல ஓடினீங்க... குதிச்சீங்க... பள்ளத்துல விழுந்துச்சு. அதுக்கு இன்னா இப்போ? உங்க பொண்ணு சஹானா சேவ் பண்ண எடத்துலேந்து மறுபடி லோடு பண்ண வேண்டியதுதானே... பண்ணாலும் விழுதா? எத்தினி வாட்டி பண்ணாலும் விழுந்துகினே கீதா? ... சார், ஒரு நிமிஷம். விழும்போது இன்னா பட்டனை அமுக்குனீங்க? ... சேவா! அந்தரத்துல தொங்கசொல்ல சேவ் பண்ணீங்களா!”

மேஜையைத் தட்டினான்.

“... ஆபீஸ் பழக்கமா? ஒரு வரி அடிச்சா ஒரு சேவ்? கரண்டு போயிடும்னு பயமா? அடடடா! அது ஆபீஸ் பேப்பரு சார். இது அமுக்குன நிமிஷத்துல எது எங்க கீதோ அப்படியே புடிச்சு வெச்சிக்கும். பொண்ணு ஒரு வருஷமா வெளையாடி சேத்ததை அழிச்சிட்டு, அந்த எடத்துல ஒரு சாவை பத்திரமா வெச்சிருக்கீங்க. இனிமே கரண்டு போனாலும் அது போவாது!”

“... ஐயே, குரல் இன்னா ஒரு மாதிரி ஆவுது? ... செங்கல்பட்டு டியூஷன்லேந்து பஸ் ஏறிட்டாளா? ... கேம் ஆடறது உருப்படாதவன் வேலைன்னு அவளை வூட்ல வெச்சுத் திட்டினீங்க. இப்ப நீங்களே ஆடி, அவளுதையும் கெடுத்து... ஆமா சார், மூஞ்சில முழிக்க முடியாதுதான்.”

பக்கத்துச் சிற்பக்கூடத்துக்கு டீ வந்தது. உளிகள் ஓய்ந்தன. அஹத்துக்கு அவர்மேல் பாவமாக இருந்தது, தன்மேல் பெருமையாகவும் இருந்தது. பெருமை முந்திக்கொண்டது.

“பயப்படாதீங்க, நான் கீறேன். மேல ஸ்லாட்டுன்னு கீதா? சேவ் பண்ணி வெக்கிற தனித்தனி எடம் சார் அது. ரெண்டாவதை எடுங்க... லோடு குடுங்க... விழல இல்ல? கோட்டை வாசல்ல கம்பீரமா நிக்குதா? அதான் அஹத்து! பாலத்தையெல்லாம் எப்பவோ தாண்டிட்டா சார் உங்க பொண்ணு. எம்மாம் பெரிய ஆளு தெரியுமா? நானே ஆறு மாசமா அந்தப் பாலத்துல விழுந்துகினு இருந்தேன். போன வாரம் அவதான் கடைக்கு வந்து, ஓடாதண்ணா, நின்னு குதின்னு...”

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“... இன்னா சார்? ... ஆமா, பூட்டினது ஜனவரிலதான்... அப்ப அணிலு பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நின்னுச்சு, கரெக்டு... பாஸ்வேர்டு தெரிஞ்சது ரெண்டே பேருக்கா... ஆமா, நீங்க ஒருத்தர்... அது... அவளையே கேளுங்களேன் சார். கேட்டா, அணிலைப் பள்ளத்துல தள்ளினது யாருன்னு அவளும் கேப்பா, பரவால்லையா? ... இன்னா? அவளைக் கேக்கலையா? என்னையா?”

அஹத் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான்.

“ஹலோ? ... ஹலோ? ஒண்ணுமே கேக்கல சார்... பாழாப்போன உளிச் சத்தம், காதைப் பொளக்குது... ஹலோ?”

வாசலில் டீ கிளாசும் கையுமாக நின்ற சிற்பிகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அஹத் ரிசீவரை வைத்தான்.