எந்த இடத்தில் சிரித்தீர்கள்?

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, மேடம். மூடியை மட்டும் யாரோ கடித்து வைத்திருக்கிறார்கள். விசாரணை அதிகாரியான நீங்கள் அதையும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டால் நல்லது. நடந்ததை என் சொந்த நடையில் எழுதச் சொன்னீர்கள். பக்க எண் போடலாமா என்று கேட்டேன். உங்கள் இஷ்டம் என்றீர்கள். போட்டிருக்கிறேன்.

நம் தொலைக்காட்சி நிலையத்தின் நேயர் கருத்துப் பிரிவில் நான் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். புதுத் தொடர் ஒன்று ஆரம்பித்தால், முதல் பகுதி ஒளிபரப்பான மறுநாள் காலையில் நூற்று நாற்பது தொலைபேசி எண்கள் கொண்ட பட்டியல் என் மேசைக்கு வரும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஐந்து கேள்விகள் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். முழுதாகப் பார்த்தீர்களா? எந்த இடத்தில் சிரித்தீர்கள்? எந்தக் கதாபாத்திரம் பிடித்தது, ஏன்? அடுத்த வாரமும் பார்ப்பீர்களா? வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? இவ்வளவுதான். என் கையெழுத்து அழகானது என்று பிரிவுத் தலைவி இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

'ஒழுங்கான வீடு' என்கிற அந்த நகைச்சுவைத் தொடரை எழுதியவள் என் தங்கை. இதை நான் அலுவலகத்தில் சொல்லவில்லை. மறைத்ததாக நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பதுதான் உண்மை.

அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு. தலை பின்னிவிடுவதிலிருந்து கணக்குப் பாடம்வரை நானேதான். கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன் என்று சொன்னால் மிகையாகாது; அவள் எங்கே போனாலும் என் கண் அவள்மேல்தான் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தனியாக இருந்தால்தான் எழுத வருகிறது என்று சொல்லி ஒரு வாடகை அறைக்குக் குடிபோனாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் அதை முன்வைக்கக்கூட இல்லை.

சனிக்கிழமைக் கூட்டம் என்றதும் நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டீர்கள். கவனித்தேன். எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை நான், மனைவி, தங்கை மூவரும் உட்கார்ந்து வீட்டு விஷயங்களைப் பேசி முடிவெடுப்போம். உதாரணமாக, சத்தமாகச் சிரிக்க வேண்டாம், சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்று ஒரு முறை முடிவெடுத்தோம். ஒருவர் ஆதரவு, இருவர் மௌனம். தீர்மானம் நிறைவேறியது.

அந்தத் தொடரில் ஓர் அண்ணன் வருகிறார். அவரும் வீட்டில் கூட்டம் போடுகிறார். அதை வைத்துக்கொண்டு அது நான்தான் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். தயவுசெய்து வித்தியாசத்தைப் பாருங்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுகிறார், மணி அடிக்கிறார். நான் சனிக்கிழமை, கரண்டியால் டம்ளரைத் தட்டுவதோடு சரி. அவர் புதுச் சோப்பின்மேல் தேதி எழுதுகிறார். நான் எழுதுவது பற்பசையில். அவர் அலமாரிச் சாவியைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். நான் கடிகாரத்துக்கு உள்ளே வைப்பேன். அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

முதல் பகுதியை மாலை ஆறரை மணிக்கு அலுவலகத்தில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். பிரிவுத் தலைவி சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அண்ணன் கைக்குட்டையை மடிக்கும் காட்சியில் கணக்குப் பிரிவுக்காரர் நாற்காலியோடு சரிந்தார். என் தங்கை இவ்வளவு பேரைச் சிரிக்க வைக்கிறாளே என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மறுநாள் கூப்பிட ஆரம்பித்தேன். இந்த வேலையில் இப்படி ஒரு காலையை நான் பார்த்ததில்லை. கேள்வியை முடிக்கும் முன்பே எல்லோருக்கும் சிரிப்பு. ஒரு தையல்காரர் சொன்னார்: "சோப்புமேல தேதி எழுதுறாரே, அங்க சிரிச்சதுல ஊசிய எங்கயோ விட்டுட்டேன் சார். இன்னும் தேடிட்டு இருக்கேன்." ஒரு பேருந்து ஓட்டுநர், "வண்டி ஓட்டும்போது அந்தக் கைக்குட்டை ஞாபகம் வந்துடக் கூடாதேன்னு வேண்டிக்கிறேன்" என்றார். பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் குரலைத் தாழ்த்தி, "நானும் வீட்டுல அப்படித்தானான்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அவர் பதில் சொல்லாம செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டு, தன்னையே நினைத்து வெகு நேரம் சிரித்தார். எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் எழுதினேன். எண்பத்தைந்து பேர், எண்பத்தைந்து சிரிப்பு.

எண்பத்தாறாவது எண் என் வீட்டு எண்.

பட்டியலைக் கணினி தயாரிக்கிறது. அதற்கு யார் வீடு என்று தெரியாது. விட்டுவிட்டு எண்பத்தேழுக்குப் போயிருக்கலாம். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. என் மனைவிதான் எடுத்தாள்.

"வணக்கம், நேயர் கருத்துப் பிரிவிலிருந்து பேசுகிறோம்" என்றேன்.

"என்னங்க, நீங்கதானே?"

"முறைப்படிதான் கேட்கணும். நேத்து சாயங்காலம் 'ஒழுங்கான வீடு' முழுசாப் பார்த்தீங்களா?"

நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு அவளும் முறைப்படியே பதில் சொன்னாள். "பார்த்தேன்."

"எந்த இடத்துல சிரிச்சீங்க?"

"எல்லா இடத்துலயும். சோப்புல சிரிச்சேன், கூட்டத்துல சிரிச்சேன். கைக்குட்டை வந்ததும் நிக்க முடியாம தரையில உக்காந்துட்டேன். பன்னெண்டு வருஷமா இந்த வீட்டுல நான் சிரிச்சதே இல்லன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"எந்தக் கதாபாத்திரம் பிடிச்சது? ஏன்?"

"அந்த அண்ணன். நல்லாத் தெரிஞ்ச ஆளு. தினமும் நாந்தானே டீ போட்டுக் கொடுக்கறேன்."

"அடுத்த வாரமும் பார்ப்பீங்களா?"

"நீங்க வேலையிலிருந்து வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்னா பார்ப்பேன்."

ஐந்தாவது கேள்வியைக் கேட்காமலே நன்றி சொல்லி வைத்தேன். மிச்சம் இருந்த ஐம்பத்து நான்கு பேரையும் கூப்பிட்டேன். மறுநாள் மதியத்துக்குள் வேலை முடிந்தது. நூற்று நாற்பது பேரும் சிரித்திருந்தார்கள்.

இனி நீங்கள் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். நான் மாற்ற நினைத்தது ஒரே ஒரு படிவத்தை. என் மனைவி சொன்ன அந்த மூன்றாவது பதிலைப் பிரிவுத் தலைவி படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குடும்ப விஷயம் அலுவலகத்தில் சந்தி சிரிக்கும். எனவே எண்பத்தாறாவது படிவத்தை மட்டும் புதிதாக எழுதினேன். எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்ற கட்டத்தில், 'இந்த வீட்டில் நான் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிரித்ததே இல்லை' என்று எழுதினேன். அவள் சொன்னதுதானே? நான் பொய் எழுதுகிறவன் இல்லை.

ஆனால் நூற்று முப்பத்தொன்பது பேர் சிரிக்க, ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை என்றால் அது கண்ணை உறுத்தும். மற்றவற்றோடு ஒட்டாத படிவம் இருந்தால் அந்த எண்ணைப் பிரிவுத் தலைவியே மறுபடி கூப்பிட்டுப் பேசுவது எங்கள் வழக்கம். கூப்பிட்டால் என் மனைவி எடுப்பாள். எடுத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லுவாள். ஆகையால் மிச்சம் நூற்று முப்பத்தொன்பது பேரையும் அவளோடு ஒத்துப்போக வைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

மனைவியின் பதிலையும் பாராட்டாகவே எழுதி, டீ சமாசாரத்தை மட்டும் விட்டிருந்தால் ஒரே படிவத்தோடு முடிந்திருக்குமே என்று கேட்டீர்கள். கெட்டிக்காரக் கேள்வி. அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தாலும், அவள் சிரித்தாள் என்று என் கையால் எழுத வராது என்றுதான் நினைக்கிறேன்.

வேலை சுலபமாக இல்லை. ஒவ்வொருவரும் சொன்னதிலிருந்தே எடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். தையல்காரருக்கு, 'இந்த நிகழ்ச்சியால் ஊசி தொலைந்தது, இன்னும் கிடைக்கவில்லை' என்று எழுதினேன். ஓட்டுநருக்கு, 'சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்து'. தலைமையாசிரியைக்கு, 'கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்'. வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று பதினோரு பேர் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு வயிற்று வலி என்று எழுதினேன். இப்படி மாற்றி எழுத இரண்டு நாட்கள் ஆயின; இரண்டு நாட்களும் சந்தோஷமாக வேலை செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக எனக்கே ஏதோ எழுத வருகிறது என்று தோன்றியது.

தொடர் ஒரே வாரத்தில் நின்றது. அந்த நேரத்தில் மீன் தொட்டி பராமரிப்பு பற்றிய நிகழ்ச்சி வந்தது. அண்ணனாக நடித்தவர் பழையபடி கட்டில் மெத்தைக் கடைக்குத் திரும்பினார். தங்கை வாடகை அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவள் அறையை அப்படியே வைத்திருந்தேன். தலையணை உறையில் தேதிகூட அழியவில்லை.

முதல் வாரம் சாப்பிடாமல் அழுதுகொண்டே கிடந்தாள். பார்க்கப் பொறுக்கவில்லை. மனத்தைத் தேற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். புதுப் படிவங்களின் நகல் என்னிடம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டால் தாங்கமாட்டாள் என்பதால், தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று வரிசையாக வாசித்துக் காட்டினேன். மருந்து மாதிரிதான். நாற்பதாவது படிவத்தில் அழுகை நின்றது. அறுபதாவதில், "அவங்க சொல்றது சரிதான் அண்ணா, எனக்கு எழுத வரல" என்றாள். எழுபதாவது நாள் தன் நோட்டுப் புத்தகங்களை எல்லாம் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். குடிநீர் அலுவலகத்தில் புகார் மனுக்களைப் பதிவு செய்யும் வேலை ஒன்று பார்த்து வைத்தேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மறுபடி மூன்று பேர் கூடினோம். வீடு நிறைந்திருந்தது, மேடம். நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

எண்பத்தாறாவது நாள் எண்பத்தாறாவது படிவம் வந்தது. தாண்டிப் போயிருக்கலாம் என்பீர்கள். வரிசை என்று ஒன்று இருக்கிறது என்று முன்பே சொன்னேன். 'இந்த வீட்டில் நான் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிரித்ததே இல்லை' என்று வாசித்தேன். மனைவி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை முடி வெட்டிக்கொண்டு திரும்பினேன். தெருமுனை திரும்பும்போதே யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். யார் வீட்டில் இப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லாமல் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். என் வீட்டில்தான். கூடத்தில் கடிகாரம் திறந்து கிடந்தது. அலமாரியும் திறந்து கிடந்தது. அசல் படிவங்களைக் கிழித்துப் போட எனக்கு மனம் வராது, உள்ளேதான் வைத்திருந்தேன். நூற்று நாற்பதும் தரையில் கண்டபடி பரவிக் கிடக்க, நடுவில் என் மனைவியும் தங்கையும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கை தையல்காரரின் படிவத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"பின்னாடி தேடினோம் அண்ணா, சாவி இல்ல" என்றாள். "அண்ணிதான் சொன்னாங்க, உள்ள பாருன்னு."

"வரிசை கலைஞ்சிருச்சு" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள். தெருவுக்குக் கேட்கிறது என்று சொன்னேன். ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிரித்தார்கள்.

அன்று மாலையே இருவரும் அசல் படிவங்களோடு தங்கை முன்பு இருந்த வாடகை அறைக்கே போய்விட்டார்கள்; அது இன்னும் காலியாகத்தான் இருந்ததாம். அந்தப் படிவங்கள் இப்போது உங்கள் மேசையில் இருக்கின்றன. நூற்று நாற்பதையும் மாற்றியவன் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எல்லாம் தங்கையின் நன்மைக்காகத்தான் செய்தேன் என்று எழுதுவதாக இருந்தேன். மேலே ஒரு முறை வாசித்துப் பார்த்ததில் அது எங்கேயும் சரியாக உட்காரவில்லை. விட்டுவிடுகிறேன்.

அடுத்த வாரம் தொடர் மறுபடி ஆரம்பமாகிறது என்று சொன்னீர்கள். அந்தத் தொடரைப் பற்றி இதுவரை யாரும் என் கருத்தைக் கேட்கவில்லை. எனவே நூற்று நாற்பத்தொன்றாவது படிவம் ஒன்றை நானே நிரப்பி இத்துடன் இணைத்திருக்கிறேன். முழுதாகப் பார்த்தீர்களா: ஆம். எந்த இடத்தில் சிரித்தீர்கள்: இல்லை. பிடித்த கதாபாத்திரம்: அந்த அண்ணன். ஏன்: அவர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் யாரும் தேடமாட்டார்கள். அடுத்த வாரமும் பார்ப்பீர்களா: பார்ப்பேன், இப்போது மாலையில் வீட்டில் வேறு வேலை இல்லை.

ஐந்தாவது கட்டம், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா. இதை மட்டும் தவறாமல் என் தங்கையிடம் சேர்த்துவிடுங்கள். அந்த நடிகர் கைக்குட்டையை மூன்றாக மடிக்கிறார். நான் நான்காக மடிப்பேன். அதைத் திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது நான்தான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.