உப்புக் கழுவிய மண்

சுவெல்மா: காலை எடு. பாத்தியில நிக்கிற.

லெஹ்பீப்: இதுவா பாத்தி? நம்ம கூடாரத்துக்குப் பின்னாடி ஏதோ சுவர் இடிஞ்சு கிடக்குன்னுல்ல நினைச்சேன்.

சுவெல்மா: ஆடு வராம இருக்க நான் கட்டின சுவர் அது. மூணு வருஷம் ஸ்பெயின்ல தக்காளி பறிச்ச என் புருஷனுக்குப் பாத்தி தெரியலையாக்கும்.

லெஹ்பீப்: அங்க ஏது மண்ணு? பிளாஸ்டிக் கொட்டகை, பையில தேங்காய் நார். தான் எந்த ஊருல நிக்கிறோம்னு செடிக்கே தெரியாது.

சுவெல்மா: சரி, உக்காரு. காலையில வந்து இறங்கினதுல இருந்து நடந்துக்கிட்டே இருக்க. மூணாவது கிளாஸ் டீயும் ஆறிப்போச்சு.

லெஹ்பீப்: உக்காந்தா... வேண்டாம், நிக்கிறேன். இந்த இடம் வெள்ளை வெளேர்னு இருந்துச்சே? நாக்குல வச்சா கரிக்கும்.

சுவெல்மா: இப்ப வச்சுப் பாரு.

லெஹ்பீப்: ...எப்படி?

சுவெல்மா: கடப்பாரைதான். ஒரு சாண் கீழ, ஓடு மாதிரி இறுகிப்போய்க் கிடந்துச்சு. அதை உடைச்சாத்தான் தண்ணி இறங்கும், இறங்கினா உப்பையும் இழுத்துக்கிட்டுப் போகும். அப்புறம் காஞ்ச ஓடையில இருந்து வண்டல் சுமந்தேன்.

லெஹ்பீப்: லாரித் தண்ணி குடிக்கவே பத்தாதே.

சுவெல்மா: அரிசி கழுவினது, முகம் கழுவினது. உங்க அக்கா கலியா வீட்டுல இருந்தும் ஒரு வாளி வரும். கொடுக்கும்போது ஒரு வசவும் சேர்ந்து வரும்.

லெஹ்பீப்: உரம்?

சுவெல்மா: ஆட்டுப் புழுக்கை. குழியில போட்டு மக்க வைக்கணும், பச்சையாப் போட்டா கருக்கிடும். மொத வருஷம் கலியா சாம்பல் போடச் சொன்னா. போட்டேன்... அத்தனையும் செத்துச்சு. சாம்பலும் ஒரு உப்புதானாம், இந்த மண்ணுக்கு ஆகாதாம். விவசாயம் படிச்ச பொண்ணு ஒருத்தி வந்து பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா.

லெஹ்பீப்: ஒண்ணுமே வரலையா?

சுவெல்மா: பீட்ரூட் மட்டும் வந்துச்சு. அதுக்கு உப்பு பிடிக்குமாம். காலையில பீட்ரூட், ராத்திரி பீட்ரூட். என்னைக் கண்டாலே கலியா ஓடுவா.

லெஹ்பீப்: இதுல... ரெண்டு பேர் வயிறு நிறையுமா?

சுவெல்மா: என்ன கேள்வி இது?

லெஹ்பீப்: சும்மாதான். அந்தப் பக்கமும் உடைச்சா இன்னும் ரெண்டு பாத்தி போடலாமோ?

சுவெல்மா: எதுக்கு? கலியா தலையில கட்டிட்டுப் போறதுக்கா?

லெஹ்பீப்: எங்க வாப்பா இருந்தா இதைப் பிடுங்கி எறிஞ்சிருப்பார். அகதிக் கூடாரத்துல இருக்கிறவன் விதை போட்டா ஊர் நினைப்பு மறந்துபோகும்பார்.

சுவெல்மா: சொல்லிக்கிட்டே இங்கதான் மௌத்தானார். அவர் கப்ருக் குழியையும் இந்த உப்பு மண்ணுலதான் தோண்டினோம். சண்டையில பறிபோன நம்ம கடலோரம் திரும்ப நமக்குக் கிடைச்சா, நான்தான் மொத ஆளா நடப்பேன். அதுவரைக்கும் ஒரு தக்காளி தின்னா குத்தமா?

லெஹ்பீப்: குத்தம்னு நான் சொல்லலையே.

சுவெல்மா: ஏன் இப்படித் தவிக்கிற? காத்து அடிச்சாக் கூட வாசலைப் பார்க்கிற. நேராவே கேட்கிறேன்... என்னை ஸ்பெயினுக்குக் கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்க?

லெஹ்பீப்: கூப்பிட்டா வரமாட்டியா?

சுவெல்மா: நான் அப்படிச் சொன்னேனா?

லெஹ்பீப்: விசாவுக்கு இன்னும் கூப்பிடலைன்னுதானே சொன்ன...

சுவெல்மா: பேச்சை மாத்தாத.

லெஹ்பீப்: சுவெல்மா... அங்க எனக்கு வேலை இல்ல.

சுவெல்மா: என்ன?

லெஹ்பீப்: முதுகு போச்சு. குனிஞ்சா நிமிர முடியல. இனி வர வேண்டாம்னுட்டான் மேஸ்திரி. அறையையும் விட்டுட்டேன்.

சுவெல்மா: எப்போ?

லெஹ்பீப்: குளிர் தொடங்கறதுக்கு முன்னாடி.

சுவெல்மா: குளிர்லதானே போன்ல சொன்ன, இந்தத் தடவை காய்ப்பு அமோகம்னு?

லெஹ்பீப்: பள்ளிவாசல் மூலையில படுத்துக்கிட்டுச் சொன்னேன்.

சுவெல்மா: இந்த முதுகோடவா இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டிருக்க?

லெஹ்பீப்: நான் திரும்பிப் போகலை. போக இடமும் இல்ல. மண்ணைத் தோண்ட முடியாது, தண்ணி ஊத்துவேன், ஆட்டை விரட்டுவேன். கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியே மூணு வருஷம் உன்னை இந்த வெயில்ல காக்க வச்சுட்டேன்.

சுவெல்மா: நீ காக்க வைக்கலை.

லெஹ்பீப்: வேற எப்படிச் சொல்றதாம்?

சுவெல்மா: விசாவுக்கு என்னை ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, லெஹ்பீப். மொத தடவை, நாத்து நட்டிருக்கேன், அடுத்த மாசம் வர்றேன்னேன். ரெண்டாவது தடவை போன் அடிச்சப்போ... மண்ணுக் கையோட, அது அடிச்சு ஓயற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னேன்.