வால் பிடிக்க ஓர் ஆள்

அண்ணி: மூச்சு விடாதேடி.

நெட்டை: எவ்வளவு நேரத்துக்கு?

அண்ணி: இடுப்புல சுருக்கம் எடுத்து முடியிற வரைக்கும்.

நெட்டை: என் இடுப்பா, கவுனோட இடுப்பா? இதுக்கு இடுப்பு எங்க முடியுதுன்னே தெரியல அண்ணி. குனிஞ்சு பாத்தா எல்லாம் துணி. மேகத்து மேல நிக்கிற மாதிரி இருக்கு.

அண்ணி: மேகம் இல்ல, ஸ்டூல். ஆடினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். தோளை இறக்கு... அப்படித்தான். கழுத்தை நீட்டு.

நெட்டை: இன்னும் நீட்டினா கூரைத் தண்ணிக் குழாய்ல இடிக்கும்.

அண்ணி: அதுக்குத்தானே உன்னை ஏத்தியிருக்கு. முன்னூத்தி ஏழாம் ரூம் நடிகை உயரத்துக்கு இந்த ஓட்டல்ல உன்னை விட்டா வேற யாரு இருக்கா? உங்க அண்ணனைத்தான் கூப்பிடணும்.

நெட்டை: அண்ணன் போட்டா கவுன் கிழியும்.

அண்ணி: கிழிஞ்சா டிரெண்டுன்னு சொல்லிக்கலாம். போன சீசன் பூரா கிழிசல்தானே.

நெட்டை: அப்போ அண்ணனோட பனியன்...

அண்ணி: அது பத்து சீசனுக்கு முன்னாடியே கிழிஞ்சுது. உங்க அண்ணன் எதுலயும் முந்திக்குவார். வேலைக்குப் போறதைத் தவிர.

நெட்டை: எங்க அண்ணனைச் சொல்லாதீங்க.

அண்ணி: என் புருஷனைத்தான் சொன்னேன். திரும்பு. மெல்ல... மெல்லடி! கவுன் வால் ஸ்டூல் கால்ல சுத்திக்குது.

நெட்டை: வால் எத்தனை அடி அண்ணி?

அண்ணி: பதினொண்ணு. நம்ம வீட்டு ஹாலே பத்துதான்.

நெட்டை: அப்போ இந்தக் கவுனைப் போட்டுக்கிட்டு நம்ம வீட்டுக்குள்ள வந்தா...

அண்ணி: நீ சமையலறையில நிப்ப, வால் பக்கத்து வீட்டுல நிக்கும். அவங்க மிதிப்பாங்க. சண்டை வரும்.

நெட்டை: என்ன கலர்னு சொன்னீங்க?

அண்ணி: வெண்ணெய் மஞ்சள். இந்த சீசன் எல்லாமே வெண்ணெய் மஞ்சள்தான். இருநூத்தி ரெண்டாம் ரூம்ல விட்டுட்டுப் போன பத்திரிகையில போட்டிருந்துச்சு. அடுத்த சீசன் சாம்பலாம்.

நெட்டை: வெண்ணெயை அடுப்புல மறந்துட்டா அப்படித்தான் ஆகும்.

அண்ணி: சிரிக்காதே! சிரிச்சா வயித்துல சுருக்கம் விழுது.

நெட்டை: நீங்கதான் சிரிக்கிறீங்க. மெஷின் குழாயிலேருந்து ஆவி என் கால்ல போகுது.

அண்ணி: சுட்டுதா?

நெட்டை: இல்ல... கதகதன்னு இருக்கு. அண்ணி, காலையில நடிகையோட காஸ்ட்யூம் அம்மா வந்து சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்.

அண்ணி: எத்தனை தடவைடி?

நெட்டை: ஒரே ஒரு தடவை. வால் பகுதி மட்டும்.

அண்ணி: ...அதான், கவுனைக் குழந்தை மாதிரி தோள்ல போட்டுக்கிட்டு வந்தாங்க. 'தொங்கவிட்டா இழுத்துக்கும், மேசையில போட்டுத் தேச்சா மினுமினுப்பு செத்துடும். ஆள் மேல போட்டுத்தான் ஆவி காட்டணும். அதே உயரத்துல ஆள் இருக்கா'ன்னு கேட்டாங்க. நான் உன்னைக் காட்டினேன். உன்னைக் கீழேருந்து மேல வரைக்கும் பாத்தாங்க...

நெட்டை: நேரம் ஆயிருக்கும்.

அண்ணி: ஆச்சு. அப்புறம், 'சிவப்புக் கம்பளத்துல வாலைப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் குறையுது, இந்தப் பொண்ணு வருமா'ன்னு கேட்டாங்க.

நெட்டை: நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: 'இவளுக்கு வால் பிடிக்கத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இந்நேரம் சூப்பர்வைசர் ஆயிருப்பா'ன்னு சொன்னேன்.

நெட்டை: சொல்லல.

அண்ணி: மனசுல சொன்னேன். வாயில, 'வருவாம்மா'ன்னு சொன்னேன்.

நெட்டை: 'ஓடி வருவா'ன்னு சொன்னீங்க.

அண்ணி: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என்னை ஏன்டி சொல்லச் சொல்ற?

நெட்டை: நீங்க சொன்னா நடக்குற மாதிரி இருக்கு.

அண்ணி: கையைத் தூக்கு. அக்குள்ள சுருக்கம்.

நெட்டை: இங்க வந்து ஒன்பது வருஷம் அண்ணி. எதிர்ல தியேட்டர் வாசல்ல வருஷா வருஷம் விழாவுக்குக் கம்பளம் விரிக்கிறாங்க. நம்ம சலவை ரூம் ஜன்னல் வெளித்தரையோட தரையா இருக்கு. நமக்குத் தெரியிறது முழங்கால் வரைக்கும்தான். எல்லா நடிகையையும் கணுக்காலை வெச்சு சொல்லிடுவேன். முகத்தைக் காட்டினா யாருன்னு கேப்பேன்.

அண்ணி: அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. கணுக்கால் பொய் சொல்லாது.

நெட்டை: இந்த வருஷம் கூர்மூக்குச் செருப்பு போயிடுச்சு, பாத்தீங்களா? எல்லாம் சதுர மூக்கு.

அண்ணி: குதிகாலும் குட்டையாயிடுச்சு. பத்திரிகையில போடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நான் சொன்னேன்.

நெட்டை: யார்கிட்ட சொன்னீங்க?

அண்ணி: உங்க அண்ணன்கிட்ட. தூங்கிக்கிட்டு இருந்தார்.

நெட்டை: எனக்கு ஒரே ஒரு தடவை முழங்காலுக்கு மேல பாக்கணும். வாலைத் தூக்கி விரிச்சு விட்டுட்டு, ஓரமா ஒதுங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இருக்கும் இல்ல? அந்த ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாத்துடுவேன். மூக்கு, கம்மல், விளக்கு, எல்லாம். அப்புறம் ஒன்பது வருஷம் செருப்பையே பாத்துக்கிட்டு இருக்கலாம்.

அண்ணி: கண்ணை மூடு.

நெட்டை: ஏன்?

அண்ணி: கண்ணுகிட்ட ஆவி வருது, மூடு... மூடிட்டியா? இப்போ கார் வந்து நிக்குது.

நெட்டை: என்ன கார்?

அண்ணி: நீளமா. கறுப்பா. கதவைத் திறக்க ஒரு ஆள். அந்த ஆள் போட்டிருக்கிற கோட்டுல ஒரு சுருக்கம் இல்ல.

நெட்டை: நம்ம தேச்சதா?

அண்ணி: பின்ன? இறங்குற. தரையில கால் வெக்கல, கம்பளத்துல வெக்கிற. பஞ்சு மாதிரி அமுங்குது...

நெட்டை: கூட்டம் சத்தம் கேக்குது அண்ணி.

அண்ணி: துணி காய வெக்கிற டிரையர் ஓடுதுடி.

நெட்டை: கூட்டம்னு சொல்லுங்க.

அண்ணி: கூட்டம். ரெண்டு பக்கமும் கூட்டம். உன் பேரைச் சொல்லிக் கத்துறாங்க.

நெட்டை: நெட்டைன்னா?

அண்ணி: மரியாதையா. நெட்டை மேடம்னு. இதோ மைக்கை நீட்டுறாங்க. மேடம், இன்னிக்கு யாரோட கவுன் போட்டிருக்கீங்க?

நெட்டை: முன்னூத்தி ஏழாம் ரூமோடது.

அண்ணி: அற்புதம். நகை?

நெட்டை: நாலு ஊக்கு. முதுகுப் பக்கம். இதெல்லாம் எங்க குடும்பச் சொத்து.

அண்ணி: உங்க சருமம் இப்படிப் பளபளன்னு இருக்கிறதுக்கு என்ன ரகசியம்?

நெட்டை: ஒன்பது வருஷமா ஆவி பிடிக்கிறேன்.

அண்ணி: இந்த வெற்றியை யாருக்குச் சமர்ப்பிக்கிறீங்க?

நெட்டை: எங்க அண்ணிக்கு. அவங்கதான் என்னை ஸ்டூல் மேல ஏத்தி விட்டாங்க.

நெட்டை: மைக் ஏன் எடுத்துட்டீங்க?

அண்ணி: ஆவி கம்மியா வருது. குழாயை உதறினேன்.

லிஃப்ட்காரர்: உள்ள வரலாமா தங்கச்சி? அடேயப்பா... யாரு இது, நம்ம நெட்டையா?

நெட்டை: எப்படி இருக்கேன் அண்ணே?

லிஃப்ட்காரர்: கடைவாசல்ல வெச்ச பொம்மை மாதிரி இருக்கே. ஆனா ஏன் இன்னும் இதைப் போட்டு... அந்த முன்னூத்தி ஏழு அம்மா இப்பதான் என் லிஃப்ட்ல...

அண்ணி: ஆமா ஆமா, லிஃப்ட்ல வந்தாங்க, லிஃப்ட்ல போனாங்க! லிஃப்ட் வேற எதுக்கு இருக்கு? அந்தப் போர்வை வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போங்க அண்ணே.

லிஃப்ட்காரர்: இல்ல தங்கச்சி, நான் சொல்ல வந்தது, அவங்க...

நெட்டை: அண்ணே! மூணாவது மாடியில மணி அடிக்குது.

லிஃப்ட்காரர்: எனக்குக் கேக்கலையே?

நெட்டை: உயரமா நிக்கிறவங்களுக்குத்தான் கேக்கும்.

லிஃப்ட்காரர்: என்ன பொம்பளைங்களோ... ரெண்டு பேரும் சேர்ந்து ஆளை விரட்டுறீங்க. போறேன், போறேன்.

அண்ணி: கதவைச் சாத்திட்டுப் போங்க! ...பாவம், பேச ஆள் கிடைக்காது அவருக்கு.

நெட்டை: ஆமா. நாள் பூரா மேல கீழ போறவர். என்னத்தையாவது பேசுவார். காதுல வாங்கக் கூடாது.

அண்ணி: மணி என்ன?

நெட்டை: பாக்கல.

அண்ணி: உன் தலைக்கு நேரா இருக்கு, கடிகாரம்.

நெட்டை: கழுத்தைத் திருப்பினா சுருக்கம் விழும்.

அண்ணி: நாலே முக்கால்.

நெட்டை: அப்படியா.

அண்ணி: நாலரைக்கு வந்து கவுனை வாங்கிக்கிறேன்னு சொன்னாங்க.

நெட்டை: பெரிய இடத்துல நாலரைன்னா அஞ்சரை.

அண்ணி: அஞ்சு மணிக்குக் கம்பளம் ஆரம்பிச்சுடும்.

நெட்டை: கடைசியா வர்றவங்களுக்குத்தான் மதிப்பு... அண்ணி, ஜன்னல்ல ஏன் விரிப்பைத் தொங்க விடுறீங்க?

அண்ணி: வெயில் மூஞ்சில அடிக்குது.

நெட்டை: அது வடக்குப் பக்கம்.

அண்ணி: அப்போ தூசி. வெளியில செருப்பு நிறைய வந்துடுச்சு.

நெட்டை: சரி, மூடுங்க. மூடினா நல்லாத்தான் இருக்கு. துணி வழியா வெளிச்சம் வர்றப்போ ரூமே வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. நம்ம எங்கேயோ இருக்கோம் அண்ணி. பூமிக்குக் கீழ இருக்கோம்னு யாராவது சொல்லுவாங்களா?

அண்ணி: இறங்குடி.

நெட்டை: முடிஞ்சுதா?

அண்ணி: இல்ல... இரு. இறங்காதே. இந்த முட்டிகிட்ட இன்னும் கொஞ்சம்.

நெட்டை: அங்க சுருக்கம் இல்ல.

அண்ணி: இருக்கு. உனக்குத் தெரியாது.

நெட்டை: கால் மணி நேரமா அதே இடத்துல காட்டுறீங்க. அண்ணி... அழுறீங்களா?

அண்ணி: ஆவி கண்ணுல பட்டுடுச்சு.

நெட்டை: மெஷின்ல தண்ணி தீர்ந்து பத்து நிமிஷம் ஆச்சு. வெறும் குழாயைக் காட்டிக்கிட்டு இருக்கீங்க.

அண்ணி: ...தெரியும்.

நெட்டை: தெரிஞ்சா?

அண்ணி: ஒரு மணிக்கே காஸ்ட்யூம் அம்மாகிட்டேருந்து போன் வந்துடுச்சுடி. இந்தக் கவுன் வேணாமாம். அந்தம்மா கடைசி நிமிஷத்துல மனசு மாறி வேற எதையோ போட்டுக்கிறாங்களாம். இதை மெல்லிசுத் தாள் சுத்திப் பெட்டியில வெக்கச் சொன்னாங்க. வால் பிடிக்கிற ஆளும் தேவைப்படாது, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்கன்னு ரெண்டே வார்த்தையில சொன்னாங்க.

நெட்டை: ம்.

அண்ணி: சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ரெண்டு மணிக்கு நீ என் லிப்ஸ்டிக்கைப் போட்டுக்கிட்டு, தலையை வழிச்சு வாரிக்கிட்டு, ஓட்டமா வந்து நின்ன. 'என் கவுன் எங்க அண்ணி'ன்னு கேட்ட. எனக்கு வாய் வரல. சரி, அஞ்சு நிமிஷம் போட்டுக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் இடுப்பு வந்துடுச்சு. அப்புறம் வால் வந்துடுச்சு. பதினோரு அடி வேற... திட்டுடி. எதையாவது சொல்லேன்.

நெட்டை: ஒண்ணேகாலுக்கு நான் முன்னூத்தி ஏழுக்குத் துண்டு குடுக்கப் போனேன் அண்ணி. அவங்களுக்கு முதுகுல கொக்கி மாட்டி விட்டதே நான்தான். கறுப்பு கவுன், முட்டி வரைக்கும்தான், வாலே கிடையாது. உங்ககிட்ட சொல்லி ஒரு பாட்டம் அழலாம்னுதான் ஓடி வந்தேன். கதவு பாதி திறந்திருந்துச்சு. நீங்க இந்தக் கவுனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, வாஷிங் மெஷினைப் பாத்து, 'நெட்டை, ஒரு விஷயம்... நெட்டை, மனசைத் தளர விடாதே... இங்க பாருடி நெட்டை...'ன்னு ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஆறு விதமா சொல்லிப் பாத்தீங்க, ஒண்ணும் சரியா வரல. அதான் மெல்லத் திரும்பிப் போயி, உங்க லிப்ஸ்டிக்கைப் போட்டுக்கிட்டு, மறுபடியும் ஓடி வந்தேன்.