ஊதா மூடிக் குப்பி

போன வியாழக்கிழமை காலமான என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, ஐயா. குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தால் சிரிப்பார், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு வைத்துச் சிரிப்பார். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துப் பழகும் நோட்டை சோப்புப்பொடி டின்னுக்குள் ஒளித்து வைத்தவள் நான்.

அவருக்குக் காய்ச்சல் கண்டதும், நான் கூட்டிப் பெருக்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். எந்தச் சோதனையிலும் கிருமி பிடிபடவில்லை. அவருக்குப் பேச்சும் நின்றுபோனது. வீட்டில் சத்தமே இல்லை. இருபத்திரண்டு நாளில் நோட்டை முடித்துவிட்டேன். கட்டில் பலகைகளில் உள்ள பெயர்களைக்கூடப் படிக்க வந்துவிட்டது.

அப்போதுதான் டாக்டரம்மா சொன்னார்: "கவலைப்படாதே ஆயா. ரத்தத்துல இருக்கிற மரபணுவை எல்லாம் மெஷின் படிச்சிடும். எந்தக் கிருமி ஒளிஞ்சிருந்தாலும் காட்டிக் கொடுத்திடும். மருந்து போட்டா ஒரே வாரத்துல எழுந்து உக்காந்துடுவார்."

ஒரு வாரம் எனக்குப் போதாது. நான் இன்னும் பேப்பர் படிக்க ஆரம்பிக்கவில்லை.

குப்பிகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. சீட்டு ஒட்டுவதையும் நர்ஸ் என்னிடமே விட்டிருந்தார். "மேல இருக்கிற சீட்டு முதல் குப்பிக்கு, வரிசை மாத்திடாதே" என்பார். அன்று என் சர்க்கரைச் சோதனைக்கு எடுத்த ரத்தமும் அதே தட்டில், அதே ஊதா மூடிக் குப்பியில் இருந்தது. வரிசையை மாற்றினேன்.

நாலு நாள் கழித்து டாக்டரம்மா முடிவைப் பார்த்தார்.

"கிருமி ஒண்ணும் இல்லை. அது இருக்கட்டும், இது பொம்பளை ரத்தம்னு காட்டுதே."

நர்ஸ் என்னைப் பார்த்தார். "சீட்டு மாறிப்போச்சு டாக்டர். ஆயாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது, பாவம். கொடுத்தது என் தப்பு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டரம்மா தோளில் தட்டி, "அழாதே ஆயா, மறுபடி எடுத்துடலாம்" என்றார். நான் அழவில்லை.

இந்த முறை நர்ஸ் தன் கையாலேயே ஒட்டினார். பசை காய்வதற்குள் உரித்தால் சீட்டு கிழியாது, ஐயா. இரண்டாம் முறையும் சீட்டு மாறியதால்தான் என் வீட்டுக்காரர் பிழைக்கவில்லை என்று டாக்டரம்மா இப்போது சொல்கிறாராம். இருக்கலாம். மாடிப்படி வளைவில் தட்டை இறக்கி வைத்து, ஒவ்வொரு பெயராகப் படித்து, இன்னொரு ஆம்பளைப் பெயராகப் பார்த்து அவர் சீட்டோடு மாற்றி ஒட்டினேன். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.